ஏழுமலையின் வலது கை

"அன்னிக்கு அவரு கை எப்படி இருந்துச்சுக்கா?"

போன மாதம் பிரகாஷ் தொலைபேசியில் என்னிடம் கேட்டது இது. அப்போதும் பதில் சொல்லத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. குழந்தையைத் தூங்க வைக்கும்போதும், அரிசி களையும்போதும், பேருந்தில் போகும்போதும் இந்தக் கேள்விதான் மனதில் ஓடுகிறது.

பிரகாஷ் ஒரு காலத்தில் நல்ல குத்துச்சண்டை வீரர். இப்போது திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறார். அவர் 'அவரு' என்று சொன்னது ஏழுமலையை. ஏழுமலை மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர், அவரும் குத்துச்சண்டை ஆடியவர். ஒரு போட்டியில் முதல் சுற்றிலேயே வலது கையால் ஒரே ஒரு குத்து விட்டு பிரகாஷைச் சாய்த்தார். அந்தக் குத்துக்குக் கொஞ்ச நேரம் முன்பு அதே வலது கையைப் பிடித்து, அழுத்திப் பார்த்து, சரி என்று முத்திரை குத்தி மேடைக்கு அனுப்பியவள் நான். இருவரின் பெயரையும் இங்கே மாற்றியிருக்கிறேன்.

நான் வேலை பார்த்த பயிற்சி மையத்தில் இந்த வருடம் ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறார்கள். அங்கே இப்போது இருக்கும் பெண்கள் இருவர் என்னை அழைத்தார்கள். "அக்கா, க்ரூசர்வெயிட்ல யாரு அடி பயங்கரமான அடின்னு நீங்கதான் எழுதணும். ரிட்டயர்ட் ஆளுங்க எழுதற பக்கம்னு ஒண்ணு வச்சிருக்கோம்" என்றார்கள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவளை, இன்னும் முடி கூட நரைக்காதவளை, ஓய்வு பெற்றவர் பட்டியலில் சேர்த்ததில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்தால் அது உண்மைதான். நான் பார்த்த வேலையே இன்று இல்லை. இப்போது பெரிய போட்டிகளில் நடத்துபவர்களே கையில் சுற்ற உறை பிரிக்காத புதுத் துணியைக் கொடுத்து விடுகிறார்கள். கையை அழுத்திப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

மலருக்கு எழுதி முடிப்பதற்கு முன்னால் இதை இங்கே எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உடற்கல்வி படிக்கும்போது நானும் கொஞ்சம் குத்துச்சண்டை கற்றுக்கொண்டேன். மூக்கில் ஒரு அடி வாங்கி வீட்டுக்குப் போன அன்றே அம்மா அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். ஆனால் அந்த இடத்தை விட்டுப் போக மனமில்லை. படிப்பு முடிந்ததும் புதுச்சேரிக்கு வெளியே ஒரு பயிற்சி மையத்தில் உபகரணப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். போட்டி நடக்கும் நாட்களில் கிளவுஸ் மேசையில் உட்கார வேண்டும். சண்டைக்குப் போகும் ஒவ்வொருவரும் அந்த மேசைக்கு வந்துதான் போக வேண்டும்.

குத்துச்சண்டை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளவுஸ் மாட்டுவதற்கு முன் வீரர்கள் கையில் ஒரு நீளமான பருத்தித் துணிப் பட்டையைச் சுற்றிக்கொள்வார்கள். அதை எல்லோரும் பேண்டேஜ் என்றுதான் சொல்வோம். மணிக்கட்டும் விரல் எலும்பும் உடையாமல் காப்பதற்கு அது. அந்தத் துணிக்குள் கெட்டியாக ஏதாவது இருந்தால் எதிரில் நிற்பவருக்கு ஆபத்து. அதனால் துணி சுற்றிய கையைத் தொட்டுப் பார்த்து, முத்திரை குத்தி, அதன் பிறகுதான் கிளவுஸ் கொடுப்போம். முத்திரை குத்திய பிறகு அந்தக் கட்டை யாரும் அவிழ்க்கக் கூடாது.

மேசைக்குத் தலைவர் செபாஸ்டியன் சார். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். மேசை திறப்பதற்கு முன் சோப்புப் போட்டு இரண்டு கைகளையும் கழுவி, துண்டில் துடைத்து, அந்தத் துண்டை நாலாக மடித்துத் தன் வலது பக்கம் வைப்பார். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் மேசைப் பக்கம் மின்விசிறி போட விடமாட்டார். காற்றுப் பட்டால் விரல் நுனிக்கு உணர்ச்சி போய்விடும் என்பார். அது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் நானும் அதற்குப் பிறகு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கைகளைப் பார்த்ததில்லை.

வீரர் வந்து இரண்டு கைகளையும் நீட்டுவார். சார் இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் முட்டியில் வைத்து மெதுவாகச் சுண்டுவிரல் வரை நகர்த்துவார். பிறகு கையைத் திருப்பி உள்ளங்கையை அழுத்துவார். விரல் இடுக்குகளில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். இதற்கு நடுவில் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "சாப்ட்டியா?"

ஒரு நாள் நான் கேட்டேன். "ஏன் சார் எல்லார்கிட்டயும் அதையே கேக்கறீங்க?"

"பதில் சொல்றப்ப விரல் தளரும்மா. உள்ள எதையாவது வச்சிருக்கறவன் விரல் தளராது."

ஒரு பையன் வெகுளியாக, "பொங்கல், ரெண்டு வடை சார்" என்றான். சார் கையை விடாமலே, "எடை பாத்ததுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சாரின் முகத்தில் சிரிப்பே இல்லை.

எங்கள் மேசை மேடைக்குப் பின்னால், ஒரு துணித் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும். அதனால் நான் இத்தனை வருடத்தில் பார்த்த சண்டைகளை விடக் கேட்ட சண்டைகளே அதிகம். சாதாரண அடி பட், பட் என்று கேட்கும். பலமான அடிக்கு அந்தச் சத்தம் வராது. ஈரமான மணல் மூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒன்று கேட்கும். அதன் பிறகு கூட்டம் ஒரு மூச்சு நேரம் அடங்கிப் போகும். சண்டை முடிந்ததும் கிளவுஸ் எங்களிடம் திரும்பி வரும். முட்டிப் பக்கம் அழுத்தினால் உள்ளே இருக்கும் பஞ்சு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். யார் எவ்வளவு பலமாக அடித்தார்கள் என்பது எனக்கு அப்படித்தான் தெரியவரும்.

க்ரூசர்வெயிட் என்பது எண்பது கிலோவைத் தாண்டி எண்பத்தாறுக்குள் இருப்பவர்களின் பிரிவு. இதற்கு மேலே இருப்பவர்களிடம் எடை இருக்கும், வேகம் குறையும். கீழே இருப்பவர்களிடம் வேகம் இருக்கும், எடை போதாது. இந்தப் பிரிவில் இரண்டும் ஒன்றாக வந்து விழும். அதனால்தான் அந்தப் பெண்கள் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

கடலூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் இருந்தார். குள்ளம். இடது கையை இடுப்புப் பக்கமிருந்து வளைத்து விலாவில் போடுவார். அது பட்டவர்கள் உடனே விழமாட்டார்கள். இரண்டு அடி நடந்து, எதையோ மறந்துவிட்டவர் போல நின்று, பிறகு உட்கார்ந்துவிடுவார்கள். அவர் கை மட்டும் குழந்தையின் கை மாதிரி மெத்தென்று இருக்கும். "இந்தக் கைய வச்சிக்கிட்டா மூட்ட தூக்கற?" என்று சார் கேட்டதற்கு, "மூட்ட முதுகுலதான சார் இருக்கும்" என்றார். காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நெட்டையான ஒருவர் இருந்தார். அவர் குத்துவது மெதுவாகத்தான் வரும், வருவது தெரியும், ஆனாலும் ஒதுங்க முடியாது என்று அடி வாங்கியவர்கள் சொல்வார்கள். மலரில் இந்த இரண்டு பேரையும் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

மூன்றாவது ஏழுமலை.

அவர் கையை முதலில் பார்த்தபோது நான் கொஞ்சம் பின்வாங்கினேன். உப்புத் தண்ணீரிலேயே நின்று வேலை செய்பவர்களுக்கு விரல் மடிப்புகளில் எல்லாம் வெடிப்பு இருக்கும். வெடித்து, ஆறி, மறுபடி வெடித்துத் தோல் தடித்துப் போயிருந்தது. சார் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது கையா, மண்வெட்டியா?" என்றார்.

"பலக சார்" என்றார் ஏழுமலை. "உப்பு வார்ற பலக."

பாத்தியில் விளையும் உப்பை நீளமான கழியில் கோர்த்த பலகையால் வரப்புக்கு இழுப்பார்கள். காலையிலிருந்து வெயில் ஏறும் வரை அதைத்தான் செய்வார். பிறகு பேருந்து பிடித்துப் பயிற்சிக்குப் போவார். முறையான பயிற்சி அவருக்குக் குறைவு. காலை எங்கே வைக்க வேண்டும் என்று கடைசி வரை சரியாகத் தெரியவில்லை. ஆனால் வலது கை வந்து விழும்போது முதுகு முழுவதும் அதனோடு சேர்ந்து வரும். பலகையை இழுத்து இழுத்து அப்படி ஆகியிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பிரகாஷோடு அவர் மோதியது அரையிறுதியில். அன்று மேசைக்கு நிறையப் பேர் வந்தார்கள். பாதிக் கைகளை சார் பார்த்தார், பாதியை நான் பார்த்தேன். ஏழுமலை என் பக்கம் வந்தார். பிடித்தேன், அழுத்தினேன், "சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன், முத்திரை குத்தினேன். இவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. கை எப்படி இருந்தது என்பது நினைவில் இல்லை. அதற்கு முன்னால் வந்த கையும் பின்னால் வந்த கையும்கூட நினைவில் இல்லை.

மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் அந்த மணல் மூட்டைச் சத்தம் கேட்டது. கூட்டம் அடங்கியது. நடுவர் எண்ணும் குரல் மட்டும் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பத்து வருவதற்குள் பிரகாஷ் எழுந்துவிட்டாராம். ஆனால் நடுவர் அவர் கண்களைப் பார்த்துவிட்டுச் சண்டையை நிறுத்திவிட்டார். மருத்துவர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் ஓய்வு என்று சொல்லி அனுப்பினார். கிளவுஸைத் திருப்பிக் கொடுக்க பிரகாஷ் தானே நடந்து வந்தார். மேசையில் வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, பெல் அடிச்சிட்டாங்களா?"

அதற்குப் பிறகு அவர் ஒரே ஒரு முறை மையத்துக்கு வந்தார், அங்கே பயிற்சி எடுத்தபோது வைத்திருந்த தன் பொருட்களை எடுத்துப் போக. மாநில முகாமுக்குப் பெயர் வந்திருந்த நேரம் அது. "எனக்குத் தாட சரியில்லக்கா. ஒரு அடிக்கே சாஞ்சுட்டேன். இத வச்சிக்கிட்டு மேல போனா உயிருக்கே வந்துடும்" என்றார். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பயிற்சியாளர்கள் எவ்வளவோ பேசிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை.

அடுத்த வருடம் இறுதிப் போட்டி. ஏழுமலை வந்திருந்தார். துணைக்கு அவர் மச்சான். இந்த முறை சார் பக்கம் வந்து கையை நீட்டினார். சாரின் கட்டைவிரல் ஆள்காட்டி விரல் முட்டியில் வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. வழக்கமாகக் கேட்கும் "சாப்ட்டியா" வரவில்லை. ஏழுமலையின் மணிக்கட்டை விடாமல் என்னைப் பார்த்து, "ஏம்மா, நீ ஒரு தடவ பாரு" என்றார்.

அழுத்தினேன். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த துணியைச் சுற்றி வைத்ததுபோல இருந்தது. சத்தம் கூட வந்தது, மெல்லிய நறநறப்பு.

"கட்ட அவுத்துடு" என்றார் சார்.

ஏழுமலை அவிழ்த்தார். துணி கையை விட்டு வந்த பிறகும் சுற்றிய வளைவோடு அப்படியே மேசையில் நின்றது. சார் அதன் ஓரத்தை எடுத்தார், நாக்கு நுனியில் வைத்தார். துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உப்பு."

மச்சான் குதித்தார். "வேர்வ உப்பு கரிக்காம சக்கரையா சார் இருக்கும்? வேணும்னே பண்றீங்க. எங்க ஆளு ஜெயிக்கறது உங்களுக்குப் புடிக்கல."

"நீ கொஞ்சம் அந்தாண்ட நில்லுப்பா" என்றார் சார். குரல் உயரவில்லை. ஏழுமலையிடம், "இத எங்க தொவச்ச?" என்று கேட்டார்.

"வேல செய்யற எடத்துல சார். அங்க ஒரு கெணறு இருக்குது. கை கால் எல்லாம் அதுலதான் கழுவுவோம். வரப்புல காயப்போட்டேன்."

"உப்புத் தண்ணில முக்கி எடுத்தியா?"

"இல்ல சார். எங்க ஊர்ல தொவைக்கற துணி எல்லாமே இப்படித்தான் சார் இருக்கும். என் சட்டையத் தொட்டுப் பாருங்க."

சார் சட்டையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அது அவர் வேலை இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஜோடி புது பேண்டேஜ் எடுத்து வைத்தார். என்னையே சுற்றிவிடச் சொன்னார், தான் பக்கத்தில் நின்று பார்த்தார். சுற்றும்போது ஏழுமலையின் விரல்கள் தளர்ந்துதான் இருந்தன. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். முத்திரை குத்தியதும் எழுந்துபோனார்.

அந்தச் சண்டை மூன்று சுற்றும் முழுதாக நடந்தது. யாரும் விழவில்லை. புள்ளிக் கணக்கில் ஏழுமலை தோற்றார். எதிரில் ஆடியவர் ஜெயித்துவிட்டுக் கிளவுஸ் கொடுக்க வந்தபோது, "காது இன்னும் கொய்யுனு கேட்டுக்கினே இருக்குது மேடம்" என்றார். ஏழுமலையின் கிளவுஸை நான் அழுத்திப் பார்த்தேன். பஞ்சு நகர்ந்திருந்தது. ஆனால் அது அன்றைக்குப் பலர் மாட்டிய கிளவுஸ்.

சார் அறிக்கையில் 'பேண்டேஜ் மாற்றப்பட்டது' என்று மட்டும் எழுதினார். காரணம் எழுதவில்லை. ஆனால் வரிசையில் நின்றவர்களுக்குக் கண் இருந்தது, மச்சான் போட்ட சத்தத்தில் காதும் திறந்திருந்தது. மாலைக்குள் ஏழுமலைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உப்புக்கட்டு. "டேய், உப்புக்கட்டு போறான் பாரு" என்று ஒருவன் கத்தியது என் காதிலேயே விழுந்தது. ஏழுமலை திரும்பிப் பார்க்காமல் பேருந்துக்கு நடந்தார். அதன் பிறகு அவர் எந்தப் போட்டிக்கும் வரவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் சாரிடம் கேட்டேன். "உப்பு ஏறின துணியால அடி பெருசாகுமா சார்?"

"கொஞ்சம் ஆகும். ஆனா வேர்வ பட்டா இளகிடும். மொத ரவுண்டு தாண்டாது."

பிரகாஷ் விழுந்தது முதல் சுற்றில் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஏழுமலை வேறொரு போட்டியில் ஒருவரை மூன்றாவது சுற்றில் சாய்த்திருக்கிறார் என்பதும் நினைவுக்கு வரவில்லை. இப்போது இரண்டும் மாறி மாறி வருகின்றன.

திருமணமாகி நான் வந்து சேர்ந்தது மரக்காணத்துக்கு. கணவர் இங்கே கணக்கு ஆசிரியர். மகள் பிறந்தாள். எனக்குப் பயம் அதிகம். தூங்குகிற குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பது, பால் சூட்டை மணிக்கட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சந்தேகப்பட்டு மறுபடி பார்ப்பது, இப்படித்தான் என் நாட்கள் போகின்றன. அவள் துணியைப் போடுவதற்கு முன் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பழைய வேலையின் பழக்கம்.

ஒரு நாள் மொட்டைமாடியில் காய்ந்த இடுப்புத்துணியை எடுத்தேன். மடித்த மாதிரியே விறைத்து நின்றது. அழுத்தினேன். நறநற. என்னையறியாமல் ஓரத்தை நாக்கில் வைத்தேன்.

அப்போதுதான் மாமியார் படியேறி வந்தார். "ஏம்மா, புள்ள துணிய எதுக்கு நக்கற?"

"உப்பு கரிக்குது அத்த."

"கரிக்காம? போர் தண்ணி அப்படித்தான். அதுல கடக்காத்து வேற. எங்க வீட்டுத் துணி எல்லாம் அப்பளம் மாதிரிதான் காயும். கசக்கி ஒதறிட்டுப் போடு, சரியாப் போயிடும். இதுக்கா இப்படி முழிக்கற?"

நான் அங்கேயே தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். எங்க ஊர்ல தொவைக்கற துணி எல்லாமே இப்படித்தான் சார் இருக்கும். ஏழுமலை அன்று தொட்டுப் பார்க்கச் சொன்ன சட்டையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அந்த வாரமே பெட்டியிலிருந்து என் பழைய பேண்டேஜ் ஒன்றை எடுத்து, எங்கள் வீட்டுத் தண்ணீரில் துவைத்து, மாடியில் காயப்போட்டேன். கையில் சுற்றி அழுத்திப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது. அன்றைய அளவுக்கு விறைப்பா? கொஞ்சம் குறைவு என்று ஒரு முறை தோன்றியது. அதே அளவு என்று மறுநாள் தோன்றியது. உப்பளத்துக் கிணறு எங்கள் போர்த் தண்ணீரை விட அதிகமாகக் கரிக்கும், அதனால் துணியும் அதிகமாக விறைத்திருக்கலாம். அல்லது அவர் வேண்டுமென்றே உப்புத் தண்ணீரில் தோய்த்திருக்கலாம். என் விரல் நுனியை எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை. குழந்தையை ஒரு பக்கம் இடுப்பில் வைத்துக்கொண்டு மறுகையில் துணி சுற்றிச் சுவரை அழுத்திக்கொண்டிருந்த என்னைக் கணவர் பார்த்தார். குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மலருக்கு எழுதச் சொன்ன பிறகு ஏழுமலையைத் தேடிப் போனேன். தேடுவதற்கு ஒன்றும் இல்லை. வேலை முடியும் நேரம் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து டீக்கடைக்கு எல்லாரும் வருவார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார்.

"மேடம், நீங்க எங்க இங்க?"

"இந்த ஊருக்குத்தான் கட்டிக் குடுத்திருக்காங்க."

"அப்ப நீங்களும் உப்புதான்" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர், "ஏம்பா, மேடத்துக்கு ஒரு டீ சொல்லு, சக்கர போட்டு" என்றார். அவர்களுக்கும் அந்தப் பட்டப்பெயர் தெரிந்திருந்தது என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

மலரைப் பற்றிச் சொன்னேன். பலமாக அடிப்பவர்கள் பட்டியலில் அவர் பெயரை எழுத நினைக்கிறேன் என்றேன்.

"போட்டா உப்பு வெல ஏறுமா மேடம்?" என்றார். டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்துவிட்டு, "போடறதா இருந்தா அந்த உப்பு மேட்டர மட்டும் சேத்துடாதீங்க. இல்லன்னா பேரே வேணாம். வீட்ல பொண்டாட்டி படிப்பா" என்றார்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "பிரகாஷ்கூட ஆடினீங்களே. அன்னிக்குக் கட்டினது வேற பேண்டேஜா?"

"வேறன்னா? எங்கிட்ட இருந்ததே ஒரு ஜோடிதான் மேடம். அதத்தான் தொவச்சித் தொவச்சிக் கட்டுவேன்." பிறகு, "ஏன், அவரு ஏதாவது சொல்றாரா?" என்றார்.

"இல்ல" என்றேன். அப்போது அது உண்மை.

பிரகாஷை அழைத்தது அதற்குப் பிறகு. அடி வாங்கியவர் வாயால் ஒரு வரி கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும் என்றுதான் அழைத்தேன். ஏழுமலையின் குத்து எப்படி இருந்தது என்று கேட்டேன். அவருக்குப் பின்னால் பள்ளி மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது.

"எனக்கு அந்த அடியே தெரியாதுக்கா. பெல் அடிச்சிதான்னு உங்களக் கேட்டது மட்டும்தான் ஞாபகம் இருக்குது" என்றார். பிறகு, "அடுத்த வருஷம் உப்புன்னு கண்டுபிடிச்சி மாத்துனீங்கன்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். என் ஃபைட்டுக்கு முன்ன அவரு கையத் தொட்டது நீங்க. அன்னிக்கு அவரு கை எப்படி இருந்துச்சுக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "நல்லா இருந்துச்சுன்னு சொன்னாலும் பரவால்லக்கா. என் தாடதான்னு விட்டுடுவேன். கெட்டியா இருந்துச்சுன்னாலும் யார்கிட்டயும் சண்டைக்குப் போக மாட்டேன். தெரியலன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதத்தான் இத்தன வருஷமா எனக்கு நானே சொல்லிக்கினு இருக்கேன்."

குழந்தை அழுகிறது, பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். குழந்தை அழுததும் உண்மைதான்.

செபாஸ்டியன் சாரைக் கேட்டேன். அவருக்கு இப்போது காது மந்தம், உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முத்திர குத்தினா குத்தினதுதாம்மா. அன்னிக்கு ஒன் வெரலுக்குச் சரின்னு பட்டிருக்குது, குத்தியிருக்க. மை காஞ்சப்புறம் அத மாத்தக் கூடாது" என்றார். சாரிடம் இதைத் தவிர வேறு பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னபடி பார்த்தால், கை நன்றாக இருந்தது என்று பிரகாஷிடம் சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஏழுமலையின் பெயரையும் தைரியமாக மலரில் எழுதலாம். ஆனால் அதே ஒரு ஜோடி, அதே கிணறு, அதே வரப்பு. அது கெட்டியாக இருந்திருந்தால், என் விரலுக்கு அன்று தெரியாமல் போயிருந்தால், ஒரு குறையும் இல்லாத தாடையைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு மனிதர் வாழ்நாளைக் கழிப்பார். கெட்டியாக இருந்தது என்று சொன்னால், ஊர்த் தண்ணீரில் துணி துவைத்ததற்காக இன்னொருவரின் வலது கையை நான் பொய்யாக்கிவிடுவேன். என் மகளின் துணியும் அந்தத் தண்ணீரில்தான் காய்கிறது.

பிரகாஷ் மறுபடி அழைக்கவில்லை. ஆனால் காத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மலருக்கும் இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். கடலூர்க்காரர், காவலர் தேர்வுக்குப் படித்தவர், இரண்டு பேரைப் பற்றியும் எழுதி முடித்துவிட்டேன். மூன்றாவது பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் இருப்பீர்கள். அந்தப் பக்கம் கையை நீட்டியவர்களும், அடி வாங்கி விழுந்தவர்களும் இருப்பீர்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்த உண்மை ஒன்றே ஒன்றுதான், அது 'தெரியவில்லை' என்பது. அதை மட்டும் சொல்லிவிடாதே என்று கேட்டவரிடம் அதை எப்படிச் சொல்வது?